நகரம் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது: தனியார் ஒப்பந்தங்களின் உள்ளே

2008 டிசம்பரில் சிகாகோ மாநகரம் தன் தெருவோரங்களில் நின்ற சுமார் 36,000 வாகன நிறுத்தக் கட்டண மீட்டர்களை 75 ஆண்டுகளுக்குத் தனியார் முதலீட்டாளர்களிடம் ஒப்படைத்தது. விலை சுமார் 115 கோடி டாலர், ஒரே தவணை. ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட இரண்டே நாளில் நகர மன்றம் வாக்கெடுப்பை முடித்துவிட்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஐந்தே பேர். அடுத்த ஆண்டு வந்த நகரத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை, மீட்டர்களை நகரமே வைத்திருந்தால் அவற்றின் மதிப்பு இந்த விலையைவிடச் சுமார் 97 கோடி டாலர் கூடுதலாக இருந்திருக்கும் என்று கணக்கிட்டது. பட்ஜெட்டில் விழுந்த துண்டை அடைக்க அந்தப் பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே செலவாகிவிட்டது.

விலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதைவிடப் பெரிய சேதம் ஒப்பந்தத்தின் உள் விதிகளில் இருந்தது. திருவிழாவுக்கோ சாலைப் பழுதுக்கோ ஒரு தெருவை அடைத்தால், அந்த நேரத்தில் மீட்டர்கள் ஈட்டியிருக்க வேண்டிய தொகையை நகரம் நிறுவனத்துக்குக் கட்டவேண்டும். பேருந்துக்கோ மிதிவண்டிக்கோ தனித்தடம் போட மீட்டர்களை அகற்றினால் இழப்பை ஈடுசெய்ய வேண்டும், அல்லது வேறு இடத்தில் அதே மதிப்புள்ள மீட்டர்களைத் தரவேண்டும். அதாவது நகரம் விற்றது மீட்டர் வருமானத்தை மட்டுமா? தன் தெருவை எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்கும் சுதந்திரத்தையும் சேர்த்து, மூன்று தலைமுறைக்கு எழுதிக்கொடுத்துவிட்டது.

நகர வளர்ச்சியில் தனியாருக்கு இடம் உண்டா என்ற விவாதம் பெரும்பாலும் கொள்கைச் சண்டையாகவே முடிகிறது. உலகின் எந்த நகரத்தையும் எடுத்துப் பாருங்கள்: வீடு, கடை, அலுவலகம் என்று கட்டப்பட்டதில் பெரும்பகுதி தனியார் கட்டியதுதான். குழாய் எட்டாத பகுதிக்குத் தண்ணீர் லாரி ஓட்டுபவரும், பழைய இரும்பும் காகிதமும் பொறுக்கி விற்பவரும், பேருந்து போகாத சந்துக்கு வேன் விடுபவரும் தனியார்தான். அதனால் உருப்படியான கேள்வி வேறு: வேலையைக் கொடுக்கும்போது எந்த இடரை யார் சுமப்பது, எதை வைத்துப் பணம் கொடுப்பது, கொடுத்த பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ளும் அறிவு நகரத்தின் கையில் இருக்கிறதா? வேலையைக் கொடுக்கலாம். அந்த அறிவைக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது மிகக் கடினம்.

பணம் எங்கிருந்து வருகிறது

ஒப்பந்த வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குப்பை அள்ளுவது, மீட்டர் படிப்பது போன்ற தனி வேலைக்கு ஓரிரு ஆண்டு சேவை ஒப்பந்தம். முழு அமைப்பையும் நடத்திக் கொடுக்க மூன்று முதல் ஐந்து ஆண்டு மேலாண்மை ஒப்பந்தம். வசூல் இடரையும் நிறுவனமே ஏற்று நடத்தும் குத்தகை பத்து, பதினைந்து ஆண்டு ஓடும். முதலீட்டையும் நிறுவனமே போட்டுக் கட்டணத்தில் எடுத்துக்கொள்ளும் சலுகை ஒப்பந்தம் 25, 30 ஆண்டு. கடைசியில் முழு விற்பனை. கீழே போகப் போக நிறுவனத்தின் முதலீடு கூடும், இடர் கூடும், நகரத்தின் பிடி தளரும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, தனியார் முதலீட்டை இலவசப் பணம் என்று நினைப்பது. நகர வசதி எதுவானாலும் கடைசியில் அதற்குப் பணம் தருபவர்கள் இரண்டே தரப்பு: பயன்படுத்துபவர் கட்டணமாகத் தருகிறார், அல்லது வரி கட்டுபவர் வரியாகத் தருகிறார். தனியார் நிறுவனம் நடுவில் கடன் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். அந்தக் கடனுக்கான வட்டி வழக்கமாக அரசு வாங்கும் கடனைவிடக் கூடுதல், அதன் மேல் பங்குதாரரின் லாபமும் உண்டு. இந்தக் கூடுதல் செலவை ஈடுகட்டும் அளவுக்கு வேலை வேகமாகவோ சிக்கனமாகவோ தரமாகவோ நடந்தால்தான் நகரத்துக்கு ஆதாயம். கடனைக் கணக்கேட்டுக்கு வெளியே வைக்க முடிகிறது என்பதற்காக மட்டும் தனியாரிடம் போகும் நகரம், தள்ளிப்போட்ட பில்லைப் பின்னால் பல மடங்காகக் கட்டும்.

எடைமேடையில் நடப்பது

பணம் கொடுக்கும் அளவுகோல் எப்படி வேலையையே மாற்றிவிடும் என்பதைக் குப்பை ஒப்பந்தத்தில் நேராகப் பார்க்கலாம். பல நகரங்கள் டன் கணக்கில் பணம் தருகின்றன. லாரி கிடங்குக்குள் நுழையும்போது எடை போடப்படும். அதிலிருந்து காலி லாரியின் எடையைக் கழித்தால் குப்பையின் எடை. காலி எடையை ஒவ்வொரு நடையிலும் போடாமல், என்றோ ஒருமுறை போட்டுக் கணினியில் வைத்த எண்ணையே கழித்துவந்தால் அங்கேயே ஓட்டை விழுந்தது. பதிவு நாளில் சின்ன லாரி, பிறகு தொட்டி பெரிதாக்கிய லாரி. அல்லது குப்பையோடு எடை போடும்போது தண்ணீர்த் தொட்டி நிரம்பிய லாரி, ஓட்டுநரோடு நான்கு ஆள். ஒரு நடைக்குச் சில நூறு கிலோ வித்தியாசம் வந்தால், நாளுக்கு நூறு நடைக்கு எத்தனை டன் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஏமாற்றே இல்லாவிட்டாலும் அளவுகோல் தவறான பக்கம் தள்ளும். டன்னுக்குப் பணம் என்றால் இடிபாட்டுக் கல்லும் மண்ணும் லாபமான சரக்கு. பிளாஸ்டிக் உறைகள் சிதறிக் கிடக்கும் தெருவைப் பெருக்குவதில் எடை ஏறாது, அதனால் அது கடைசி வேலையாகும். மழையில் நனைந்த குப்பை உலர்ந்ததைவிட மதிப்பு அதிகம், எனவே தொட்டிக்கு மூடி போட யாருக்கும் அவசரம் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேல், வீட்டிலேயே பிரித்து மட்கும் குப்பையை உரமாக்கினால் ஒப்பந்ததாரரின் வருமானம் நேரடியாகக் குறையும். குப்பையைக் குறைப்போம் என்று ஒரு பக்கத்தில் பிரசாரம், குப்பை கூடினால் கூலி என்று மறுபக்கத்தில் ஒப்பந்தம். இரண்டில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைச் சரிசெய்யும் வழிகள் எளியவை, ஆனால் ஆள் வேண்டும். எடைமேடை நகரத்தின் கையிலோ மூன்றாம் தரப்பிடமோ இருக்கவேண்டும். ஒவ்வொரு நடையிலும் காலி எடை போட்டு, வண்டி எண்ணோடு படமும் பதிவாக வேண்டும். இடிபாட்டுக்குத் தனி விகிதம், தனி இடம். பணத்தின் பெரும்பங்கை எடையிலிருந்து பிரித்து, சேவை சென்ற வீடுகளின் எண்ணிக்கையோடும் தெருவின் சுத்தத்தோடும் இணைக்கவேண்டும். அப்படிச் செய்தால் வேறொரு சிக்கல் வரும்: வீட்டுக்கணக்கில் பணம் என்றால் போகாத தெருவுக்கும் போனதாக எழுதுவார்கள். அதனால் முன்னறிவிப்பில்லாத தெரு ஆய்வும், ஆய்வின் முடிவு அந்த மாதப் பில்லிலேயே கழிவாக வருவதும் முக்கியம். அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, அதை விதிக்க அதிகாரி இல்லாமல் விட்டால் அது வெறும் தாள்.

இன்னொரு கணக்கை டெண்டர் திறக்கும் நாளிலேயே போட்டுவிடலாம். தேவையான தொழிலாளர் எண்ணிக்கையைச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியால் பெருக்கி, ஓய்வூதியப் பிடித்தமும் காப்பீடும் சேர்த்து, வண்டித் தவணையும் எரிபொருளும் கூட்டிப் பாருங்கள். ஒருவர் கேட்ட விலை அதற்கும் கீழே இருந்தால், அந்த வித்தியாசம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும்: தொழிலாளியின் கூலியிலிருந்து, அல்லது பெருக்காத தெருவிலிருந்து. குறைந்த விலைக்கே தரவேண்டும் என்ற விதி இருந்தாலும், நம்பத்தகாத அளவுக்குக் குறைந்த விலையை நிராகரிக்கும் விதியையும் டெண்டரில் எழுதிவைக்க முடியும்.

தவறு நகரத்தின் பக்கமும் உண்டு. ஆறு மாதம் பில் நிலுவை வைத்தால் ஒப்பந்ததாரர் கூலி தரமாட்டார், தொழிலாளர் வேலைக்கு வரமாட்டார், குப்பை தெருவில் நாறும். பழி தொழிலாளர் மேல் விழும். இரண்டு மூன்று மாதப் பில்லுக்கான தொகையை வேறெதற்கும் எடுக்க முடியாத தனிக் கணக்கில் போட்டுவைப்பது இதற்கான மருந்து. நாணயமான நிறுவனங்கள் பல டெண்டருக்கே வராமல் போவதற்கு இந்த நிலுவைப் பயமும் ஒரு காரணம். நிலுவையைத் தாங்கத் தெரிந்தவர்கள் மட்டும் வருகிறார்கள், அவர்கள் அந்தச் செலவை வேறு எங்கோ ஈடுகட்டுகிறார்கள்.

ஒரே நகரம், இரண்டு நிறுவனம்

1997இல் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா தன் குடிநீர் வினியோகத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு நிறுவனங்களுக்கு 25 ஆண்டு சலுகை ஒப்பந்தத்தில் கொடுத்தது: கிழக்குப் பகுதி மணிலா வாட்டருக்கு, மேற்குப் பகுதி மேனிலாட்டுக்கு. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே ஒழுங்குமுறை அலுவலகம். இதைவிடத் தெளிவான ஒப்பீடு கிடைப்பது அரிது.

போட்டி, அப்போதிருந்த கட்டணத்தில் எத்தனை சதவீதம் வாங்குவீர்கள் என்பதில் நடந்தது. மணிலா வாட்டர் 26.4 சதவீதம் என்றது, மேனிலாட் 56.6 சதவீதம் என்றது. மக்களுக்குக் கட்டணம் சட்டென்று குறைந்தது, கைதட்டலும் கிடைத்தது. அதே ஆண்டு ஆசிய நிதி நெருக்கடி வந்தது. 26 பெசோவுக்குக் கிடைத்த டாலர் சில மாதங்களில் 40 பெசோவைத் தாண்டியது. பழைய குடிநீர் வாரியத்தின் வெளிநாட்டுக் கடனில் சுமார் 90 சதவீதத்தை ஒப்பந்தப்படி மேனிலாட் ஏற்றிருந்தது. வருமானம் பெசோவில், கடன் டாலரில். கட்டணத்தை உயர்த்தும் வழி மெதுவானது. 2002 முடிவில் மேனிலாட் ஒப்பந்தத்தை முறிக்கக் கோரியது, வழக்கும் மறுசீரமைப்பும் இழுத்து, 2007இல் வேறு உரிமையாளர்கள் கைக்குப் போனது.

மேனிலாட்டின் வீழ்ச்சிக்கு நிர்வாகக் குறைகளும் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு, அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் நாணய மதிப்பு வீழ்ச்சியைக் கட்டுப்படுத்த எந்தக் குடிநீர் நிறுவனத்தாலும் முடியாது. தன்னால் கட்டுப்படுத்த முடியாத இடரை ஒருவர் தலையில் கட்டினால், அவர் அதை விலையில் ஏற்றுவார், அல்லது ஒருநாள் கீழே போட்டுவிட்டு நடப்பார்.

கிழக்கில் நடந்தது கவனித்துப் படிக்கவேண்டியது. 1997இல் உற்பத்தியான தண்ணீரில் 63 சதவீதம் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. 2010 வாக்கில் மணிலா வாட்டர் அதை 12 சதவீதத்துக்கு அருகில் கொண்டுவந்தது. இதில் மந்திரம் இல்லை. பகுதியைச் சின்னச் சின்ன மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் மீட்டர் வைத்து, அந்த மண்டலத்துக்கு ஒரு குழுவைப் பொறுப்பாக்கினார்கள். பின்னிரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே யாரும் பெரிதாகத் தண்ணீர் பிடிக்கமாட்டார்கள். அந்த நேரத்திலும் நுழைவாயில் மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் அது கசிவு, அல்லது திருட்டு இணைப்பு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு மண்டலத்துக்குள் ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்துக்கொண்டே போனால் ஓட்டை அகப்பட்டுவிடும். பட்டா இல்லாத குடியிருப்புகளுக்கும் கூட்டு மீட்டர் வழியாக முறையான இணைப்பு கொடுத்தார்கள். திருட்டு இணைப்பு என்று எழுதப்பட்டிருந்தவர்கள் வாடிக்கையாளர் ஆனார்கள். லாரித் தண்ணீருக்குக் கொடுத்துவந்ததைவிட மிகக் குறைவாகவே அவர்கள் கட்டவேண்டியிருந்தது.

இதே வேலையை ஒரு பொதுத்துறை வாரியமும் செய்ய முடியும், செய்த வாரியங்களும் உலகில் உண்டு. தனியார் என்பதால் கசிவு அடைபடவில்லை. சேமித்த ஒவ்வொரு லிட்டரும் வருமானம் என்ற விதியும், மண்டலத்துக்கு ஒரு பொறுப்பாளர் என்ற அமைப்பும் அடைத்தன.

குறைந்த விலையின் வலை

மணிலாவில் நடந்தது தனிக் கதை இல்லை. லத்தீன் அமெரிக்காவிலும் கரீபியனிலும் 1980களின் நடுவிலிருந்து 2000 வரை கையெழுத்தான ஆயிரத்துக்கும் மேற்பட்ட சலுகை ஒப்பந்தங்களை உலக வங்கிக்காக ஆராய்ந்தபோது, போக்குவரத்தில் பாதிக்கு மேலும், குடிநீர், கழிவுநீரில் ஏறத்தாழ நான்கில் மூன்றும் மறுபேச்சுவார்த்தைக்கு வந்திருந்தன. அதுவும் சராசரியாக இரண்டு ஆண்டு சொச்சத்துக்குள். 25 ஆண்டு ஒப்பந்தத்தின் விலை இரண்டு ஆண்டுகூடத் தாங்கவில்லை என்றால், டெண்டரில் நடந்த போட்டிக்குப் பொருளே இல்லாமல் போகிறது. முதலில் குறைத்துக் கேட்டு உள்ளே வந்துவிடு, போட்டியாளர் யாரும் இல்லாத அறையில் உட்கார்ந்து பிறகு விலையை ஏற்றிக்கொள் என்பதுதான் அங்கே ஓடும் கணக்கு.

சிலி இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. 1998இல் சாந்தியாகோவையும் வால்பரைசோவையும் இணைக்கும் நெடுஞ்சாலையை ஏலம் விட்டபோது, எத்தனை ஆண்டுக்கு வேண்டும் என்று கேட்காமல், மொத்தம் எவ்வளவு வருமானம் வேண்டும் என்று கேட்டார்கள். இன்றைய மதிப்பில் யார் குறைந்த தொகை கேட்கிறாரோ அவருக்கே சாலை. அந்தத் தொகை வசூலானதும் ஒப்பந்தம் முடியும். வாகனம் அதிகம் வந்தால் சீக்கிரம் முடியும், குறைந்தால் நீளும். வாகன எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முடியாத நிறுவனத்தின் மேல் அந்த இடர் ஏறவில்லை. முன்கூட்டியே திரும்ப வாங்க வேண்டுமா, வசூலாகாத மிச்சத்தைக் கட்டினால் போதும். எதிர்கால லாபம் எவ்வளவு என்று பத்து ஆண்டு வழக்காட வேண்டியதில்லை. சிகாகோ மீட்டர்களை இப்படிக் கொடுத்திருந்தால் அந்த ஒப்பந்தம் 75 ஆண்டு நீண்டிருக்காது: முதலீட்டாளர்கள் போட்ட பணம் முழுவதும் 2020களின் தொடக்கத்திலேயே திரும்பிவிட்டது. அப்போது ஒப்பந்தத்தில் இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் மிச்சமிருந்தது.

நிலத்தில் ஏறும் மதிப்பு

ரயில் வந்தால் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் விலை ஏறும். பொதுப்பணத்தால் ஏறிய அந்த மதிப்பு வழக்கமாக நில உரிமையாளர் பைக்குப் போகிறது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனத்துக்கு நிலையத்தின் மேலும் அருகிலும் கட்டும் உரிமையை, ரயில் வருவதற்கு முந்தைய நில மதிப்பில் அரசு தருகிறது. ரயில் நிறுவனம் அதைக் கட்டுமான நிறுவனங்களுக்கு ஏலம் விட்டு, கட்டும் செலவை அவர்களை ஏற்கவைத்து, லாபத்தில் பங்கு வாங்கிக்கொள்கிறது. அந்த ஏற்றம்தான் புதிய தடங்களுக்குப் பணம் தருகிறது. ரயில் நிறுவனம் 2000 முதல் பங்குச் சந்தையில் இருந்தாலும் சுமார் நான்கில் மூன்று பங்கு அரசிடமே இருக்கிறது. நிலம் ஏறக்குறைய முழுவதும் அரசுக்குச் சொந்தமான, நெரிசல் மிகுந்த நகரத்தில் இது ஓடுகிறது. தனியார் நிலம் சிதறிக் கிடக்கும் இடத்தில் இதை அப்படியே எடுத்துப் போட முடியாது.

சாவ் பாவுலோவின் வழி எனக்கு இன்னும் பிடித்தது. சில பகுதிகளில் விதியில் உள்ளதைவிடக் கூடுதலாகக் கட்ட விரும்புவோர், அந்த உரிமையைச் சான்றிதழாகப் பங்குச் சந்தை ஏலத்தில் வாங்கவேண்டும். 2004 முதல் இது நடக்கிறது. வரும் பணத்தை அந்தப் பகுதியின் பாலம், வடிகால், ஏழைகள் குடியிருப்பு ஆகியவற்றுக்கே செலவிட வேண்டும். கூடுதல் தளத்துக்கு எவ்வளவு தரலாம் என்று அதிகாரியும் கட்டுநரும் மூடிய அறையில் பேசுவதில்லை. விலை ஏலத்தில் எல்லோர் முன்னாலும் வருகிறது.

பணமாக வாங்காமல் வசதியாக வாங்கும்போது கண்காணிப்பு இன்னும் கூர்மையாக வேண்டும். நியூயார்க் 1961 முதல், தங்கள் நிலத்தில் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விடும் கட்டடங்களுக்குக் கூடுதல் தளம் அனுமதித்தது. கூடுதல் தளம் கட்டியவுடன் நிரந்தரமாகக் கிடைத்துவிட்டது. திறந்தவெளி? 2017இல் நகரத் தணிக்கை 333 இடங்களைப் பார்த்ததில் 182 இடங்கள் வாக்குத் தவறியிருந்தன. பூட்டிய கதவு, அகற்றிய இருக்கை, உணவகம் ஆக்கிரமித்த முற்றம்.

ஆட்சியையே ஒப்படைத்தால்

அமெரிக்காவின் சாண்டி ஸ்பிரிங்ஸ் 2005இல் புதிய நகரமாக உருவானபோது காவலையும் தீயணைப்பையும் தவிர ஏறக்குறைய எல்லா வேலையையும் ஒரே நிறுவனத்திடம் கொடுத்தது. தனியார் நகராட்சிக்கு முன்னுதாரணம் என்று பலரும் காட்டிய நகரம் அது. தொடக்கத்தில் அது வேகத்தைக் கொடுத்தது, மறுக்க முடியாது: ஒன்றுமில்லாத இடத்தில் சில மாதத்தில் ஓர் அலுவலகம் இயங்கத் தொடங்கியது. 2019இல் அதே நகரம் பெரும்பாலான பணிகளைத் தன் சொந்த ஊழியர்களிடம் மாற்றியது. ஐந்து ஆண்டில் 1.4 கோடி டாலருக்கு மேல் மிச்சமாகும் என்பதே அது சொன்ன காரணம்.

தரவு விஷயத்தில் டொராண்டோவின் பாடம் வேறு. 2017இல் கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ், ஏரிக்கரையில் 12 ஏக்கர் நிலத்துக்கு உணரிகள் நிறைந்த குடியிருப்பைத் திட்டமிட வந்தது. தெருவில் நடப்பவரைப் பற்றிச் சேரும் தரவு யாருடையது என்ற கேள்விக்குத் திருப்தியான விடை வரவில்லை. 2019இல் வந்த திட்ட அறிக்கை, 12 ஏக்கரைத் தாண்டிச் சுமார் 190 ஏக்கருக்குக் கையை நீட்டியது. 2020 மே மாதம், பெருந்தொற்றின் பொருளாதார நிச்சயமின்மையைக் காரணம் காட்டி நிறுவனம் விலகியது. விதியை முதலில் நகரம் எழுதி, பிறகு நிறுவனத்தை அழைத்திருக்க வேண்டும். அங்கே விதியின் வரைவையே நிறுவனம் எழுதித் தந்தது.

திரும்ப வாங்குவது

பாரிஸ் 1985 முதல் தண்ணீர் வினியோகத்தை இரண்டு பெரிய நிறுவனங்களிடம் கொடுத்திருந்தது. நகரம் அவசரப்பட்டு முறிக்கவில்லை. 2009 இறுதியில் ஒப்பந்தம் இயல்பாக முடியும்வரை காத்திருந்து, 2010 ஜனவரி 1 அன்று தன் சொந்த நிறுவனத்திடம் சேர்த்தது. முதல் ஆண்டில் சுமார் 3.5 கோடி யூரோ மிச்சம் என்று கணக்குக் காட்டி, 2011இல் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. பெர்லின் அப்படிக் காத்திருக்கவில்லை. 1999இல் தண்ணீர் நிறுவனத்தின் 49.9 சதவீதத்தை லாப உறுதியோடு, இரகசிய ஒப்பந்தத்தில் விற்றிருந்தது. 2011இல் மக்கள் வாக்கெடுப்பு ஒப்பந்தத்தை வெளியிட வைத்தது. பிறகு அந்தப் பங்குகளை 120 கோடி யூரோவுக்கு மேல் கொடுத்துத்தான் மீட்க முடிந்தது.

லண்டன் சுரங்க ரயிலின் பெரும்பகுதிப் பராமரிப்பை 30 ஆண்டுக்கு எடுத்த மெட்ரோநெட் 2007இல், நான்கே ஆண்டில், திவால் நிர்வாகத்துக்குள் போனது. அதன் பங்குதாரர்களே அதற்கு வேலை செய்யும் துணை ஒப்பந்ததாரர்களாகவும் இருந்தார்கள். செலவு கூடினால் ஒரு கையில் நட்டம், மறுகையில் வருமானம். கடனில் 95 சதவீதத்துக்கு அரசுத்தரப்பு உத்தரவாதம் இருந்ததால் கடன் கொடுத்த வங்கிகளுக்கும் கவலை இல்லை. இடர் தனியாருக்கு மாறியதாக எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், விழுந்த அன்று அது வரி கட்டுபவரிடமே வந்து நின்றது.

ஆகவே எந்த நீண்ட ஒப்பந்தத்திலும் முடியும் நாளை முதல் நாளிலேயே எழுதவேண்டும். கடைசி மூன்று ஆண்டுகளில் நிறுவனம் பராமரிப்புச் செலவைக் குறைப்பது இயல்பு: அடுத்தவர் ஓட்டப்போகும் பம்புக்கு ஏன் புதுத் தாங்கி (பேரிங்) போடவேண்டும்? அதற்குத்தான் முடிவுக்கு மூன்று ஆண்டு முன்னால் சுயேச்சையான பொறியாளரை வைத்து ஒவ்வொரு பம்பு, வால்வு, மின்மாற்றியின் நிலையையும் பதிவு செய்து, குறைபாட்டைச் சரிசெய்யும் செலவை மாதாமாதம் பில்லில் நிறுத்திவைக்க வேண்டும். வங்கி உத்தரவாதம் ஒப்படைப்புக்குப் பிறகும் ஓராண்டாவது உயிரோடு இருக்கவேண்டும். குழாய் வரைபடம், வாடிக்கையாளர் பட்டியல், பில் மென்பொருளின் தரவு எல்லாம் நகரத்தின் சொத்து என்று எழுதினால் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை அதன் முழுப் பிரதியை வாங்கி, நகரத்தின் சொந்தக் கணினியில் ஏற்றி, திறந்து பார்த்து, ஒரு தெருவைத் தேர்ந்து தோண்டி, படத்தில் இருக்கும் இடத்தில் குழாய் இருக்கிறதா என்று சரிபார்க்கவேண்டும். இதைச் செய்ய நான்கைந்து நல்ல பொறியாளர்களும் ஒரு கணக்காளரும் சம்பளப் பட்டியலில் எப்போதும் இருக்கவேண்டும். வேலையைத் தனியாரிடம் கொடுத்த கையோடு செலவு மிச்சம் என்று நகரம் முதலில் வெட்டுவது பெரும்பாலும் இவர்களைத்தான்.